எழுபத்தொரு விரற்கடை

மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரையில் இருக்கும் ஆல்டர் பே ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா கெஸ்கிடாலோ தன் வீட்டுச் சமையலறைத் தரைக்குள் முதல் விரற்கடை இறங்கியது அக்டோபர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்துநான்கு. அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது, கையில் அன்றைய ஏழாவது சிகரெட் இருந்தது, தொலைபேசியில் அவளுடைய அக்கா ஆர்லிஸ், "இந்தப் பாழாப்போன புகையை இன்னிக்கே விட்டுத் தொலைடி" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். தரைப்பலகை உடையவில்லை, கிறீச்சிடக்கூட இல்லை. கஞ்சியில் கரண்டி இறங்குவதுபோல இரண்டு பாதங்களும் இறங்கி நின்றன. லோர்னா காலைத் தூக்கிப் பார்த்தாள், வரவில்லை. வராததால் அங்கேயே நின்றபடி சிகரெட்டை முடித்தாள்.

அவளுடைய கணவன் டுவேன் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவன். ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் மண்டியிட்டு உட்கார்ந்து, இடுப்பில் இருந்த அளவு நாடாவை எடுத்து அவள் கணுக்காலருகே பிடித்தான். "கொஞ்சம் குறைச்சுக்கலாம்ல, லோர்னா" என்றான். நாடாவை அவன் கையில் பிடித்திருக்கும்போதே இன்னொரு விரற்கடை இறங்கியது. டுவேன் நாடாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடி நாடாவைப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை அவன் ஆயுசில் சொன்னதில்லை. ஓர் அறிவுரைக்கு ஒரு விரற்கடை என்ற கணக்கைக் கண்டுபிடித்தவன் அவன்தான். சிகரெட் அவளை ஒரு மயிரிழைகூட இறக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு பாக்கெட் பிடித்தாலும் நின்ற இடத்தில்தான் நின்றாள். விடு என்று யாராவது சொன்னால்தான் தரை அவளை வாங்கிக்கொண்டது.

ஆனால் சொல்லாமல் இருக்க ஊருக்குத் தெரியவில்லை. பாதிரியார் ஏலக்காய் ரொட்டியோடு வந்து மூன்று விரற்கடை இறக்கிவிட்டுப் போனார். பேருந்துக் கொட்டகை மேலாளர் ஐந்து. தன்னார்வத் தீயணைப்புப் படையினர் எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். லோர்னா எழவில்லை, வீடுதான் அரையடி எழுந்து மறுபடி உட்கார்ந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவர்களின் தலைவர், "எதுக்கும் அந்த சிகரெட்டை நிறுத்திப் பாருங்களேன்" என்றதில் இன்னும் ஒன்று. தாமிரச் சுரங்கங்களுக்கு மேல் கட்டிய ஊர் அது. அங்கே நிலம் வாயைத் திறப்பது யாருக்கும் புதிதில்லை. ஆகவே டிசம்பரில் லோர்னா முழங்கால்வரை போனபோது ஊர் அவள் விஷயத்தைப் பனிக்கட்டியின் கனம், மீன் வரத்து ஆகியவற்றோடு சேர்த்துப் பேசியது.

கீழே நிலவறையின் கூரையில் அவளுடைய பாதங்கள் வந்துவிட்டன. டுவேனின் பட்டறை மேசைக்கு நேர் மேலே, குளிரில் விரல்கள் நீலம் பாரித்துத் தொங்கின. அவன் தினமும் காலையில் ஏணி வைத்து ஏறி, கம்பளிக் காலுறை மாற்றி, குதிகாலுக்குக் களிம்பு தடவிவிட்டு வேலைக்குப் போனான். மற்ற உபாதைகளுக்கும் மூன்றே நாளில் ஒரு திரைச்சீலையும் சில குழாய்களும் வைத்து ஏற்பாடு செய்தான். அதைப் பற்றி மேலும் விசாரிக்காத நாகரிகம் ஊருக்கு இருந்தது. லோர்னா நிஜமாகவே அழுதது ஒரே ஒருமுறைதான். அது காலுறை மாற்றும்போது அவன் அவள் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்த காலை.

பிப்ரவரியில் வீடு வீடாக வரும் அரசு நர்ஸ் ட்ரூடி வந்தாள். லோர்னா அப்போது இடுப்புக்கு மேலேவரை உள்ளே இருந்தாள். ட்ரூடி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு, "ஒரு விஷயம் தெரியும். சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

லோர்னா இரண்டு கைகளாலும் தரையை அழுத்திக்கொண்டாள். "சொல்லு. இறங்கினா இறங்கறேன்."

"மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு ஒரு முறை இருக்குங்க."

"இன்டர்வியூவா? எனக்குத்தான் ஏற்கெனவே வேலை இருக்கே!"

"அந்த இன்டர்வியூ இல்லைங்க. உங்களுக்கு என்ன வேணும்னு உங்க வாயாலயே வரவைக்கிற பேச்சு. புத்தி சொல்ல மாட்டாங்க. சொன்னா அது அந்த முறையே இல்லை. பார்க்கிறதும் பார்க்காததும் உங்க இஷ்டம்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். எதுவும் அசையவில்லை. நாலு மாதத்தில் புகையைப் பற்றி ஒருவர் பேசியும் லோர்னா இறங்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அப்படிப்பட்ட ஆலோசகர் யாரும் எட்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்திருந்தாலும் லோர்னாவால் போயிருக்க முடியாது. ஆகவே டுவேன் கைக்கணினியை மாவு டப்பாவில் சாய்த்து, ஆலோசகர்களைத் தேடும் இணையத்தளத்தைத் திறந்து அவள் முன்னால் தரையில் வைத்தான். மிச்சிகன் மாநில உரிமம் இருக்க வேண்டும், திரை வழியாகப் பேச வேண்டும், அவளுடைய காப்பீட்டை ஏற்க வேண்டும், இந்த முறை தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு கட்டமாகக் குறியிட்டாள். நாற்பத்திரண்டு முகங்கள் மிஞ்சின. எல்லோரும் ஒரேமாதிரி சிரித்தார்கள், எல்லோருக்கும் பின்னால் ஒரே செடி இருந்தது. சகல வியாதிக்கும் ஒரே லேகியம் விற்பவர்களைப்போல ஒவ்வொருவரும் இருபது முறைகளின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

முதலில் கிடைத்தவர் நல்ல மனிதர். ஆறாவது நிமிடத்தில், "முதல்ல வீட்ல இருக்கிற பாக்கெட்டையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்று ஆரம்பித்தார். நாலு யோசனை, நாலு விரற்கடை. இரண்டாமவருக்கு அந்த முறையின் பெயரில் முதல் பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது. திரைக்குள் எழுந்து நின்று காற்றில் குத்து விட்டு, "உங்களால முடியும்! இன்னிக்கே விடுங்க! இப்பவே விடுங்க!" என்று கத்தினார். நிலவறையிலிருந்து டுவேனின் குரல் வந்தது. "அங்க என்னதான் நடக்குது? காலு சரசரன்னு வருது!" லோர்னா முகவாயால் திரையை அணைத்தாள். அன்று மாலை டுவேன் அளந்தபோது எழுபத்தொரு விரற்கடை. தோள்கள் தரையோடு தரையாக இருந்தன. இன்னும் பத்துப் பதினோரு அறிவுரைதான், அதற்குப் பிறகு மூக்கு. டுவேன் அந்த எண்ணை அவளிடம் சொல்லாமல் நாடாவைச் சுருட்டினான்.

மூன்றாவது ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் லோர்னா ஒரு வாரம் யோசித்தாள். எல்லோரும் முதல் கால் மணி நேரம் இலவசமாகப் பேசுகிறார்கள், அந்தக் கால் மணியில் தான் கேள்வி கேட்டால் என்ன என்று தோன்றியது. மாநிலத்தின் மறுகோடியில், டியர்பார்ன் நகரில் இருந்த ஹனான் பெய்தூன் என்ற பெண் திரையில் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பின்னால் செடி இல்லை, கழுவாத பாத்திரங்கள் இருந்தன.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நான் விடவே மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றாள் லோர்னா.

"ஏன்னு கேட்பேன்."

"அப்புறம்?"

"நீங்க சொல்றதைக் கேட்பேன்."

"அவ்வளவுதானா?"

"பெரும்பாலும் அவ்வளவுதான். சில பேருக்கு அது போதறதில்லை. உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் சொல்லணும்."

லோர்னா அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை ஹனான் முதலில் கேட்டது சிகரெட்டில் என்ன பிடிக்கும் என்பதை. முப்பத்தாறு வருடத்தில் அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. லோர்னா இருபது நிமிடம் பேசினாள். பேருந்தைக் கொட்டகையில் விட்டதும் பிடிக்கிற அந்த ஒன்றுதான் நாள் முழுக்கத் தன்னுடையதாக இருக்கிற ஒரே பத்து நிமிடம் என்றாள். "அதை விட்டா அந்தப் பத்து நிமிஷமும் போயிடும்னு இருக்கு" என்றாள் ஹனான். "அதேதான்!" என்று லோர்னா தரையைத் தட்டினாள். பிறகு ஹனான், பூஜ்யத்திலிருந்து பத்துவரைக்கும் வைத்துக்கொண்டால் விடுவதற்கு எவ்வளவு தயாராக இருக்கிறாள் என்று கேட்டாள்.

"ரெண்டு" என்றாள் லோர்னா. சொல்லிவிட்டு, திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன் பூஜ்யம் இல்ல?"

லோர்னா கண்ணைத் திறந்தாள். பிறகு அவள் விசிலைப் பற்றிச் சொன்னாள். கல்யாணமான புதிதில் சாப்பாடு தயாரானதும் கரையில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள். அது ஏரியின்மேல் அரை மைல் போகும். டுவேன் எந்தப் படகில் இருந்தாலும் திரும்புவான். பத்து வருடமாக அதற்கு மூச்சு இல்லை, இப்போது கைபேசியில் செய்தி அனுப்புகிறாள். "எனக்கு அந்த விசில் வேணும்" என்றாள். "வேற எதுக்கும் இல்ல. அது வேணும்."

நிலவறையில் ஏணிமேல் நின்று காலுறை மாட்டிக்கொண்டிருந்த டுவேன், காலுறை மட்டும் கையில் இருக்க, அந்த ஒரு நாளின் நாற்பது வார்த்தைகளையும் ஒரே மூச்சில் செலவழித்தான். "லோர்னா! ஏய் லோர்னா! சுண்டுவிரல் மேல போகுது! நான் இழுக்கல, சத்தியமா நான் இழுக்கல, அதுவா போகுது!" ஒரு விரற்கடை ஏறியிருந்தாள். ஹனான் திரையில், "யாருங்க அது?" என்றாள். "அது என் கால் பக்கத்து ஆளு" என்று சொல்லி லோர்னா சிரித்த சிரிப்பில் மாவு டப்பா சாய்ந்து விழுந்தது.

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் ஏறினாள். அவளாகச் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஒன்று, சில வாரம் எட்டுப் பத்து, சில வாரம் ஒன்றுமில்லை. புகையும் தொடர்ந்தது. ஏப்ரலில் இடுப்பு வெளியே வந்தது. ஆர்லிஸ் மட்டும்தான் பெரிய ஆபத்தாக இருந்தாள். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவள், வாயை மூட முடியாதவள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது, பேசாமல் இருப்பதற்காகவே வாய் நிறைய பான்கேக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஈஸ்டர் அன்று லோர்னா அவள் கண் முன்னாலேயே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். ஆர்லிஸ் வாயில் இருந்ததை விழுங்கினாள். "நீ மட்டும்..." என்று ஆரம்பித்தாள். நிலவறையில் டுவேன் மனைவியின் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஆர்லிஸின் முகம் கோணிப்போனது.

"அம்மா மாதிரி நீயும் மூச்சு முட்டிப் போயிடுவியோன்னு பயமா இருக்குடி எனக்கு" என்றாள்.

லோர்னா இறங்கவில்லை. அக்கா சொன்னது அறிவுரை இல்லை, வெறும் பயம். "எனக்கும்தான்க்கா பயமா இருக்கு" என்று அவள் முதன்முறையாகச் சொன்னாள். சொன்னவுடன் மூன்று விரற்கடை சேர்ந்தாற்போல ஏறினாள். முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை இருவருக்கும் சண்டை. அக்கா தரையில் படுத்து உருண்டு சிரித்ததற்குச் சத்தம் கேட்டு மேலே ஓடிவந்த டுவேன் சாட்சி.

மே மாதம், முழங்கால் தெரிந்தபோது லோர்னா பொறுமை இழந்தாள். "போதும். என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லித் தொலைங்களேன்" என்று ஹனானிடம் கத்தினாள். ஹனான் திருப்பிக் கேட்டாள். "மத்தவங்களுக்கு எது உதவுச்சுன்னு சொல்லட்டுமா? உங்களுக்கு எது ஒத்துவரும்னு உங்களுக்குத்தான் தெரியும்." லோர்னா தலையாட்டினாள். தோலில் ஒட்டுகிற வில்லை, மெல்லுகிற பசை, தொலைபேசி உதவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தரை கல்லாக இருந்தது. அவளே கேட்டு வாங்கியதற்குக் கனம் கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது. வில்லையைத் தேர்ந்தெடுத்தாள்.

ஜூன் பதினேழாம் தேதி, பேசிக்கொண்டிருக்கும்போதே லோர்னா சமையலறைத் தரையில் முழுதாக நின்றாள். பலகை பின்னால் மூடிக்கொண்டது, தழும்புகூட இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு தன் கால்களை மேலிருந்து பார்த்தவள், "காலுறை பொருத்தமே இல்லையே, டுவேன்!" என்றாள். ஒன்று சிவப்பு, ஒன்று பழுப்பு. அன்று சாயங்காலம் நீராவிக் குளியலறையான சவுனாவைச் சூடாக்கினார்கள், ஆர்லிஸ் இறைச்சியும் கிழங்கும் பொதிந்த பாஸ்டி முப்பது சுட்டாள். பாதிரியாரும் தீயணைப்புப் படையும் வந்து புகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள்.

கோடை முழுக்கச் சிகரெட்டைத் தொடாதவள், செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால் நின்று இரண்டு சிகரெட் பிடித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஹனான், "அந்த ரெண்டும் எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். "பழைய காதலனைக் கடைத்தெருவுல பார்த்த மாதிரி" என்றாள் லோர்னா. "இவனுக்காகவா அவ்வளவு அழுதோம்னு இருந்துச்சு." அதுதான் கடைசி. அக்டோபரில் அவள் கரையில் நின்று விசில் அடித்தாள். ஏரியில் இருந்த ஏழு படகும் திரும்பின.

எழுந்த வேகம் தரையோடு நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் செருப்புத் தைப்பவர். ஒரு வருடமாகியும் அவள் பூட்ஸின் அடிப்பாகம் தேயவே இல்லை. லோர்னா தரைக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நடந்துகொண்டிருந்தாள், பனியில் தடம் விழவில்லை. பள்ளி நிர்வாகம் பேருந்தின் பிரேக் மிதியில் ஒரு மரக்கட்டையை வைத்துத் திருகிக் கொடுத்தது. பேருந்துக் குழந்தைகள் ஒரு வாரம் குனிந்து குனிந்து பார்த்தார்கள், பிறகு மறந்தார்கள். அடுத்த வசந்தத்தில் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது, அவளை அளவுகோலில் நிறுத்திய ஊழியர் குனிந்து அவள் காலடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த இடைவெளியைச் சேர்த்து எழுதவா, கழிச்சு எழுதவா?"

"படிவத்துல என்ன கேட்டிருக்கு?"

"உயரம்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப சேர்த்தே எழுதுங்க."

அவர் ஐந்தடி ஏழரை அங்குலம் என்று எழுதி, புகைப்படம் எடுத்து, வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.