கொர்மக்கின் சொந்தக்காரி

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. கனடாவிலிருக்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவர் எங்கள் வம்சத்தை வரைந்து அனுப்பச் சொன்னார். நான் அப்பாவிலிருந்து மேலே போனேன். சின்னம்மா அம்மாவிலிருந்து மேலே போனா. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆள்கூட இல்லை. "நீ வேற ஆரையோ வரைஞ்சு வைச்சிருக்கிறாய்" என்றா சின்னம்மா. எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஆறியபிறகு கதை மிஞ்சியது.

அதில் அயர்லாந்துக்காரன் எதற்கு என்பீர்கள். சொந்தக்காரரை வைத்து எழுதினால் பிறகு ஒரு கலியாண வீட்டுக்கும் போக ஏலாது.

2

'1944. திருகோணமலைத் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் மலைபோல்—'

வேண்டாம். மலையைச் சும்மா விடுவோம்.

'குணமணிக்குப் பூனைக்கண். அதற்கொரு காரணம்—'

இதையும் வெட்டிவிட்டேன். கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமென்றால் கதை எதற்கு? அவள் கண் உங்களுடையது, என்னுடையது மாதிரிக் கறுப்புத்தான்.

சரி, இப்படித் தொடங்குகிறேன். துறைமுக வாசலுக்கு எதிரே குணமணியின் தேத்தண்ணிக் கடை. யப்பான்காரன் குண்டு போட்ட வருசம் ஊரோடு ஓடிப்போய், முதல் ஆளாகத் திரும்பி வந்து கடையைத் திறந்தவள். புருசன் இல்லை. ஒரே மகள் புஸ்பராணி. மகளைத் தன் பையனுக்குக் கேட்டு, நாள் வைக்க வெருகல் பக்கமிருந்து வந்த வேலாப்போடி, அன்று காலை கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

[இங்கே ஓர் அடைப்புக்குறி தேவை. அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசினால் முதல் கேள்வி, 'என்ன குடி?' குடி தாய்வழி. அப்பன் யாரென்பது இரண்டாம் பட்சம். அம்மாவின் அம்மாவின் அம்மா எந்தக் குடியோ, பிள்ளையும் அந்தக் குடி. குணமணி சொன்ன குடி வேலாப்போடிக்குப் பிடித்திருந்தது. குடியின் பெயரை எழுத மாட்டேன், வம்பு.]

3

கொர்மக் என்ற கடற்படைப் பையன் அபூதாஹிர் நானாவோடு உள்ளே வந்தான். நானா என்றால் முஸ்லிம் ஆக்களில் அண்ணன். அவருக்குத் துறைமுகத்தில் வேலை, இங்கிலிசு தெரியும்.

"தங்கச்சி, இவர் ஐரிஷ்காரர். சொந்தக்காரரைத் தேடித் திரியிறார்."

"இஞ்சயோ?"

"ஓம். நூறு வருசத்துக்கு முந்தி இவர்ட பாட்டன்ட அண்ணன் ஓவன், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குச் சிப்பாயா வந்தவராம். ரெண்டு பேரும் காய்ச்சல்ல மௌத்து. சவக்காலையில கல்லு இருக்கு. ஒரு குழந்தை தப்பினதாம். அதைப்பத்தி ஆருக்கும் ஒண்டும் தெரியா. நாளைக்கு இவர்ட கப்பல் போகுது."

குணமணி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே நின்றாள். அவளுக்குத் தெரியும். அவள் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான அன்று அவளுடைய அம்மா காதுக்குள் சொன்னது: 'அந்தக் கல்லுக்குக் கீழ கிடக்கிறவை எங்கட ஆக்கள். உன்ர மகளுக்கு மட்டும் சொல்லு.' தப்பிய குழந்தை பெண். பால் கொடுத்து வளர்த்த குடும்பம் தங்கள் குடியைச் சொல்லியே கட்டிக்கொடுத்தது. அவள்தான் குணமணியின் அம்மாவின் அம்மாவின் அம்மா.

புஸ்பராணிக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த நாளெல்லாம் பயம் வந்தது. [முதல் பிரதியில் 'வெட்கம்' என்று எழுதியிருந்தேன். அவள் கோபித்துக்கொள்வாள்.]

"ஆம்பிளையோ பொம்பிளையோ, அந்தக் குழந்தை?" தெரியாதவள்போலக் கேட்டாள்.

நானா கேட்டுச் சொன்னார். "பொம்பிளைப் பிள்ளைதானாம். அதனால கிடைச்சாலும் பிரயோசனமில்லை எண்டு இவர்ட தகப்பன் சொன்னவராம். பொம்பிளையோட பேர் போயிடும், வம்சம் அதோட முடிஞ்சுதாம். எண்டாலும் பார்க்க ஆசையில வந்தவர்."

வேலாப்போடி சிரித்தார். "பொம்பிளையோட முடியுமோ? அவையின்ர ஊரில எல்லாம் தலைகீழ்."

கொர்மக்கும் சிரித்தான், விளங்காமலே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் குணமணிக்கு நெஞ்சு இளகிப்போனது. எனக்கும்தான்.

4

முடிவுகள்.

(அ) குணமணி வாயைத் திறக்கவில்லை. கப்பல் போனது, கலியாணம் நடந்தது. ஊரில் நடப்பது இதுதான். அதனாலேயே எழுத மனமில்லை.

(ஆ) சொன்னாள். வேலாப்போடி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழும்பினார். புஸ்பராணி குசினிக்குள்—

(இ) அவள் சொன்னதை நானா வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி எல்லாரையும் காப்பாற்றினார். இது களவு. நல்ல மனிதரைப் பொய்யராக்கிக் கதையை முடிக்கக் கூடாது.

5

ஆகவே நடந்தவரைக்கும் சொல்கிறேன்.

கொர்மக் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கோ?" என்று கேட்பித்தான்.

"ஒரு மகள்."

அவன் முகம் வாடியது. நானா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்ப உங்கட வம்சமும் முடிஞ்சுது எண்டு கவலைப்படுறார், தங்கச்சி."

குணமணிக்கு இளகிய நெஞ்சு சுள்ளென்று காய்ந்தது. இவனுடைய கணக்கில் அவளும் இல்லை, மகளும் இல்லை. வேலாப்போடியின் தாய்வழிக் கணக்கில் பார்த்தாலோ, அவருக்கே தெரியாமல், இந்தக் கடற்கரையில் அந்தக் கல்லுக்குக் கீழே கிடப்பவளின் குடி அவர்கள் இரண்டு பேரும்தான்.

"என்னம்மா, ஆரைப் பற்றிக் கதை?" குசினிக்குள்ளிருந்து புஸ்பராணி வந்தாள்.

"உன்னைப் பற்றித்தான், பிள்ளை" என்றாள் குணமணி. "இஞ்ச வந்து இரு."

வேலாப்போடி திரும்பிப் பார்த்தார். கொர்மக் எழுந்து தன் கதிரையைக் கொடுத்தான். புஸ்பராணி உட்கார்ந்து தாயின் வாயையே பார்க்கிறாள்.

அடுத்த வரி உங்களுடையது. அவளைப் பொய் சொல்ல வைப்பதென்றால் வையுங்கள். ஆனால் அதை மகளின் முகத்தைப் பார்த்துத்தான் அவள் சொல்லவேண்டியிருக்கும்.