முப்பத்தொன்றாம் பக்கத்தில் விழுந்தவர்

மனித உரிமை அலுவலகத்தின் மூன்று மாடிகளையும் பெரியவர் கைப்பிடியைத் தொடாமலே ஏறினார். கூட வந்த மருமகளுக்கு மூச்சு வாங்கியது. அவருக்கும் வாங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

திருத்தங்களைக் கவனிக்கும் பெண்ணின் மேசையில் அச்சான அறிக்கையை விரித்து, முப்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை ஊன்றினார். மகனைத் தேடி வந்த போலீஸார் ஓர் அறை விட்டதும் வீட்டுப் பெரியவர் கீழே விழுந்தார், பிறகு அவருக்கு ஒரு காது மந்தமானது என்று இருந்தது. நல்லவேளை, பெயர் இல்லை.

"இது பொய். நான் விழல."

"அறைஞ்சது உண்மைங்களா, ஐயா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை என்றுதான் சம்பந்தி வீடுவரை சொல்லி வைத்திருந்தார். இடது காது மந்தமானதற்குச் சளியைக் காரணம் காட்டியிருந்தார்.

"அது எதுக்கு இப்ப? விழுந்தேன்ங்கிறத மட்டும் எடுத்துடுங்க."

"சும்மா எடுக்க முடியாதுங்க. நடந்ததச் சொல்லிப் பேரோட கையெழுத்துப் போடணும். பழைய வரி, புது வரி ரெண்டும் அச்சாகும்."

"நல்லா இருக்கே! எவனுக்கும் தெரியாதத, திருத்துறேன்னு தண்டோரா போடுவீங்களா?"

"வேண்டாம்னா விட்டுடலாம். ஆனா நீங்க விழுந்ததாலதான் காது போச்சுன்னு போலீஸ் பதில் எழுதியிருக்காங்க. எங்க வரியையே எடுத்துக்காட்டி."

மருமகள் மெல்ல வாய் திறந்தாள். "நான்தான் மாமா இவங்ககிட்ட சொன்னேன். ஒரு அறைச் சத்தம்தான் எனக்குக் கேட்டுது. கதவிடுக்குல பாத்தப்போ நீங்க தரையில இருந்தீங்க."

"மூக்குக்கண்ணாடி தெறிச்சுது. தேட உக்காந்தேன். உக்கார்றதும் விழுறதும் ஒண்ணா?"

பெரியவர் யோசித்தார். அடி வாங்கியதற்கு அடித்தவன் வெட்கப்படலாம். ஒரே அறைக்குச் சுருண்டதற்கு அவர்தான் வெட்கப்பட வேண்டும்.

"எழுதிக்கோம்மா. ஒண்ணு இல்ல, மூணு அறை. மூணுக்கும் நின்னேன்."

"நாலு, மாமா. இப்பவும் தூக்கத்துல நாலு வரைக்கும் எண்ணுறீங்க."

"நாலாவது படல. தலையைத் திருப்பிட்டேன்."

"அதையும் எழுதணும், ஐயா."

"பயந்துட்டான்னு படிப்பானுங்க!"

"அதுக்காக மறைக்க முடியுங்களா? மறுபடியும் திருத்தம் போட வேண்டி வரும்."

அவள் எழுதி நீட்டினாள். மூன்று அறைகளை நின்றபடி வாங்கினார். நான்காவதைத் தலையைத் திருப்பித் தவிர்த்தார். பெரியவர் இரண்டு முறை படித்தார். 'தவிர்த்தார்' என்ற சொல் கௌரவமாகவே இருந்தது.

"எங்கப்பா பேரையும் முன்னால போடு," என்று பேனாவை வாங்கினார். "யார் மகன் நின்னான்னு தெரியட்டும்."