மூன்றாம் மேசையின் தாகம்

கண்ணாடிக் கூடத்தில் வறட்சிச் சோதனை தொடங்கிவிட்டால், நூற்றிருபது தொட்டிகளையும் தினமும் தூக்கித் தராசில் வைத்து எடை எழுதுவது அவள் வேலை. அதனால் சொந்தப் பெயர் போய், தராசக்கா ஆகிவிட்டாள்.

தண்ணீரை நிறுத்திப் பதினோராவது நாள். மக்காச்சோளச் செடிகள் இலை சுருண்டு தலை தொங்கி நின்றன. மூன்றாம் மேசையில் இருந்த இருபது மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து நின்றன.

மேற்பார்வையாளர் இடுப்பில் கைவைத்தார். "என்னக்கா, மூணாவது மேசைக்கு மட்டும் மாப்பிள்ளை உபசாரமா?"

"ஒரு சொட்டு ஊத்தலை சார்."

"மத்த தொட்டியைவிட இருநூறு கிராம் கூட இருக்கு. தண்ணி என்ன, தானா நடந்து வந்துச்சா? பாவம் பாத்து ஊத்திட்டீங்க. ஒரு வருஷ ஆராய்ச்சி பாழ். நாளையிலேர்ந்து வீட்லயே இருங்க."

ஊற்றவில்லை என்பது சத்தியம். ஆனால் அந்த மேசையைப் பற்றி அவள் மென்று விழுங்கிய வேறொரு சங்கதி இருந்தது.

ஆராய்ச்சி டாக்டரம்மாவுடையது. சத்தம் கேட்டு வந்தவர், எடை நோட்டில் விரலை ஓட்டினார்.

"ஊத்தியிருந்தா எடை ஒருநாளாவது ஏறியிருக்கணுமே. இது இறங்கிக்கிட்டேதான் இருக்கு, ஆனா மெதுவா. செடி தண்ணியை இழுத்துப் பிடிச்சிருக்கு. ஏன்?"

"நோட்டை எழுதினதே இவங்கதானேம்மா!" என்றார் மேற்பார்வையாளர்.

வாயை மூடியிருந்தால் செய்யாத குற்றம் தலையில் விழும். திறந்தால் செய்த குற்றம் விழும். தராசக்கா திறந்தாள்.

"சோதனை தொடங்குறதுக்கு முந்தி, அந்த மேசைக்குத் தண்ணி போற குழாய் அடைச்சிருந்துதும்மா. நாலு நாள் நான் கவனிக்கலை. வாடினதைப் பாத்துட்டுத்தான் ஊசியால குத்தி எடுத்துவிட்டேன். பொழைச்சுக்கிச்சு. பயந்துகிட்டு சொல்லலை."

"பாத்தீங்களா!" மேற்பார்வையாளர் துள்ளினார்.

டாக்டரம்மாவோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "அக்கா! இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? செடிக்குள்ள சில மரபணு சும்மா தூங்கிக்கிட்டிருக்கும். தண்ணி குறைஞ்சாத்தான் முழிச்சு, இலையில இருக்கிற சின்னச் சின்ன துவாரத்தை மூடச் சொல்லும். ஒருதடவை முழிச்சது அப்புறம் கோழித்தூக்கம்தான் தூங்கும்போல. அடுத்த தடவை சட்டுனு எழுந்துக்குது."

"அடைச்ச குழாய்க்கு இப்படி ஒரு வியாக்கியானமா?"

"நட்டுப் பாத்துடுவோம். அதுவரைக்கும் அக்கா இருக்கட்டும்."

புதிதாக நாற்பது செடி வளர்த்தார்கள். இருபதுக்குத் தராசக்காவே நாலு நாள் குழாயை மூடித் தாகம் காட்டி, பிறகு திறந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து நாற்பதுக்கும் தண்ணீர் நின்றது. சந்தேகம் தீராத மேற்பார்வையாளர் கூடத்துச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எடையையும் தானே போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் காலை அவர்தான் கதவைத் திறந்தார். இருபது செடி துவண்டு கிடந்தன. தாகம் கண்ட இருபதும் விறைப்பாக நின்றன. தண்ணீர் நின்ற முதல் நாளே கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பிய இலைகளின் முடிவும் வந்தது: அந்த இருபதில் மரபணுக்கள் மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் விழித்திருந்தன.

டாக்டரம்மா கூடமே அதிரக் கை தட்டினார். "அடுத்து வயல்ல ஆயிரம் செடி. எப்போ மூடணும், எப்போ திறக்கணும், எல்லாம் அக்கா பொறுப்பு!"

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். "அப்போ முதல்ல எதை அடைக்கணும்னு சொல்லுங்கக்கா."

"உங்க வாயைத்தான் சார்," என்றாள் தராசக்கா.

முதலில் சிரித்தது அவர்தான்.