படகுக்குப் போன துணி

கணக்கப்பிள்ளை மகன் எழுதிக் குடுத்த காகிதத்தை நான் நம்பல. நம்பாததுக்குக் காரணம் இருந்துச்சு.

பேரு விஜிதரன். எங்க தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவ வெள்ளைக்காரங்க வந்து தங்குற ஓட்டலா மாத்தியிருக்காங்க. அதுக்கு அவன்தான் மெனேஜர். அவன் அப்பன் எங்க மலையில இருபது வருஷம் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கையில சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோன்னு கழிச்சுத்தான் எழுதுவான். மண்ணு வெடிக்கிற வெயில்லயும் ஈரம்தான். எம் பெஞ்சாதி பேச்சியம்மா முப்பத்தெட்டு வருஷம் எடுத்த கொழுந்துல எத்தனை கூடை அவன் பேனாவுல போச்சோ.

அந்தப் பேச்சியம்மா ரெண்டு வருஷமா ஒரு பக்கம் விளங்காமப் படுத்துக் கெடக்கா. எங்க லயத்து வீட்டுக் கூரைத் தகரம் சரியா அவ கட்டிலுக்கு மேலதான் அரிச்சுப்போச்சு. கட்டில நகத்தினா அடுப்புத்தான் இருக்கு. கடை பிளாஸ்டிக்க ரெண்டு தடவை மேல போட்டேன், ரெண்டையும் காத்து கிழிச்சுப்போட்டுச்சு. தோட்டத்து ஒபிஸ்ல போய்க் கேட்டா எழுதிக்குறாங்க. எழுதிக்கிட்டே இருக்காங்க.

மே மாச மழைக்கு முந்தி விஜிதரன் லயத்துக்கு வந்தான்.

"தாத்தா, தேயிலை ஸ்டோர்ல சாக்கு தைச்ச ஆளு நீங்க. கீழ டேம் தண்ணியில ஓட்டுற எங்க பாய்ப்படகுக்கு ஒரு உறை தைச்சுத் தரணும். கன்வஸ் இருக்கு. நாள் சம்பளம், சாப்பாடு. மிஞ்சுற துணி உங்களுக்கு."

சம்பளம் காதுல விழல. துணிதான் விழுந்துச்சு.

நல்ல துணி. சாம்பல் நிறம், அஞ்சடி அகலம், முப்பத்து மூணு அடி நீளம். தண்ணி ஊத்திப் பாத்தேன், முத்து முத்தா உருண்டு ஓடுச்சு. காகிதத்துல படகு மாதிரி ஒண்ண வரைஞ்சு, மூணு துண்டு, துண்டுக்கு எட்டடின்னு எழுதியிருந்தான். எனக்கு எழுத்து தெரியாது, எண்ணு தெரியும்.

படகு கொட்டாயில கெடந்துச்சு, பாய்மரத்தையெல்லாம் கழட்டி ஓரமா வச்சிருந்தாங்க. சாண் போட்டு அளந்தேன். அகலம் நாலரை அடி. ரெண்டு பக்கமும் தொங்குறதுக்கு விட்டாலும் ஆறடி தாராளம். அப்புறம் எதுக்கு எட்டு?

"எட்டு எதுக்குங்க?"ன்னு கேட்டேன்.

"அதுக்குக் காரணம் இருக்கு தாத்தா. காகிதத்துல உள்ளபடி வெட்டுங்க"ன்னுட்டு போனக் காதுல வச்சிக்கிட்டுப் போய்ட்டான்.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பன் ஈரம்னு கழிச்சான், மகன் எட்டுன்னு கழிக்கிறான். மிஞ்சுறது கிழவனுக்குன்னு வாயால சொல்லிட்டு மிஞ்சாமப் பண்ற வேலை. ஆறடியிலயே மூணு துண்டும் வெட்டினேன். பதினஞ்சடி மிஞ்சுச்சு. அத அப்பவே ரெண்டா மடிச்சு, கழட்டி வச்சிருந்த என் கோட்டுக்கு அடியில வச்சேன்.

நாலு நாள் தைச்சேன். கோணி ஊசி, மெழுகு தேச்ச நூல், மடிச்சு மடிச்சு ரெட்டைத் தையல். ஒரு பொட்டுத் தண்ணி இறங்காது. அஞ்சாம் நாள் படகத் தண்ணிக்கரைக்கு இழுத்துட்டு வந்து பாய்மரத்த நட்டாங்க. அப்புறம் அந்தப் பாயோட அடிக்கட்டைய இடுப்பு உயரத்துக்கு நீட்டிக் கட்டினாங்க. அதுக்கு மேலதான் உறையப் போடணுமாம், கூடாரம் மாதிரி, தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓட.

போட்டாங்க. ரெண்டு பக்கமும் ஒரு அடி ஏறி நின்னுச்சு.

ஓட்டல்ல சமைக்கிற குசினி ராசம்மா கொட்டாய் வாசல்ல நின்னு சிரிச்சா. "என்னா மாமா, படகு ஸ்கூலுக்கா போவுது? குட்டைப் பாவாடை தைச்சிருக்கீங்க."

விஜிதரன் சிரிக்கல. காகிதத்த எடுத்தான், உறைய அளந்தான், என் கோட்டப் பாத்தான்.

"மிச்சத்த எடுத்துட்டு வாங்க தாத்தா. ரெண்டு பக்கமும் ஒட்டுப் போடுங்க. ஒட்டுல தண்ணி இறங்கும், ரெட்டையாப் போடுங்க."

பதினஞ்சடியையும் நீளவாக்குல ரெண்டாக் கிழிச்சேன். ரெட்டையா மடிச்சேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. பேச்சியம்மா தலைக்கு மேல போடணும்னு வச்சிருந்த துணிய என் கையாலயே படகுல தைச்சேன். மழை பிடிச்சிருச்சு. நான் அந்த உறைக்கு அடியில ஈரம் படாம உக்காந்து தைச்சேன்.

முடிச்சு நிமிந்தப்ப விஜிதரன் பக்கத்துல வந்து குந்தினான். குரல் மெதுவாத்தான் வந்துச்சு.

"எட்டடியா வெட்டியிருந்தா ஒம்பது அடி மிஞ்சியிருக்கும் தாத்தா. பாட்டி கட்டிலுக்கு மேல போடப் போதுமில்ல? அத வச்சுத்தான் முப்பத்து மூணு அடி வாங்கச் சொன்னேன்."

அவன் மொகத்தப் பாத்தேன். அப்பன் மொகமேதான். அது பொய் சொல்லியிருந்தா எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

சம்பளமும் ஒரு பார்சல் சோறும் குடுத்தான். வாங்கிக்கிட்டேன்.

லயத்துக்கு வந்தப்ப பேச்சியம்மா முழிச்சிருந்தா. நெஞ்சு மேல சட்டி. சட்டியில தண்ணி விழுந்து தெறிச்சு அவ தாடையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. விளங்குற கையால சட்டியப் புடிச்சிருந்தா.

"துணி எங்கங்க?"

"குடுக்கல."

"மிஞ்சுறது நமக்குன்னானே?"

"மிஞ்சல."

அவளுக்கு வாய் ஒரு பக்கம் கோணலாத்தான் அசையும். இருந்தாலும் தெளிவாத் திட்டினா. "கணக்கப்பிள்ளை பெத்தது வேற எப்படி இருக்கும்? அப்பன் கொழுந்தத் தின்னான், மகன் துணியத் தின்னுட்டான். நாசமாப் போவான்."

சட்டிய வாங்கி வெளிய ஊத்திட்டு வந்து மறுபடி அவ நெஞ்சு மேல வச்சேன்.

"ஆமா. நாசமாத்தான் போவான்"னு நானும் சொன்னேன்.