ரசமும் தண்ணிதான்

ஈப்போ ஆஸ்பத்திரியில் இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யத் தொடங்கிய பிறகு, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி சவரிமுத்து தண்ணீரைப் பகையாளியாக ஒதுக்கிவிட்டார். ரசத்தை மட்டும் ஒதுக்கவில்லை. ரசம் சாப்பாடுதானே?

இன்று நர்ஸ் மிஸ்ஸி அவரை எடை நிறுத்துப் பார்த்துவிட்டு, "ஏறினது பூரா தண்ணி, அங்கிள். நெஞ்சுல கோத்துக்கிட்டா மூச்சு நின்னுடும்லா" என்றாள். அவருக்குப் பயம்கூட வரவில்லை. வேறு யாரையோ சொல்வது போலிருந்தது.

தோட்டத்து லயத்துப் படியில் நின்று நின்று ஏறி வீட்டுக்கு வந்தார். கொழுந்து பறித்து நனைந்து வந்த மனைவி லூர்தம்மா சோறு போட்டாள்.

"ரசம் ஊத்து."

"மிஸ்ஸி என்னா சொன்னிச்சு?"

"தண்ணி ஏறிருச்சாம். நான் எங்க தண்ணி குடிச்சேன்?"

லூர்தம்மா ரசச் சட்டியை நகர்த்தி வைத்தாள். "ஈரக் கொழுந்துன்னு என் கூடையில எடைய வெட்டுவீங்களே, அப்ப மழைத்தண்ணி, பனித்தண்ணின்னு பிரிச்சா பாத்தீங்க?"

பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தண்ணீர் என்றே கழித்தவர், பெண்டாட்டி கூடை என்றும் பாராதவர். எடை குறைந்ததென்று யாராவது முறைத்தால், "அடுத்த கூடை!" என்று கத்தி வாயை அடைத்துவிடுவார்.

"ரசம், தேத்தண்ணி, கஞ்சி எல்லாம் தராசுக்கு ஒண்ணுதான்" என்றாள் லூர்தம்மா.

சவரிமுத்து வெறும் சோற்றைப் பிசைந்தார். லூர்தம்மா மனமிரங்கி ஒரே ஒரு கரண்டி ஊற்றினாள்.

"இன்னும் கொஞ்சம்..."

"அடுத்த கூடை!" என்றாள்.

அவர் இருந்த ரசத்திலேயே பிசைந்து சாப்பிட்டார்.