பை வைக்கும் இடம்

நஃப்லா ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி போனில் அந்தக் காணொளியை மறுபடி போட்டாள். அறுவைச் சிகிச்சை செய்யும் இயந்திரத்தின் மெல்லிய கைகள் இடுப்பெலும்புக் குழியின் அடிவரை இறங்கின. அவற்றின் நுனி மணிக்கட்டைப்போல எந்தப் பக்கமும் மடங்கியது. மலக்குடலைச் சுற்றிய கொழுப்புறை கிழியாமல், பக்கத்து நரம்புகளும் அறாமல், அப்படியே பிரிந்து வந்தது. பார்க்கப் பார்க்க அந்த இயந்திரத்தின்மேல் அவளுக்கு ஆசை கூடியது.

அவள் வாப்பா கலந்தருக்குப் புற்றுக்கட்டி இருந்ததும் அந்தக் குழியின் அடியில்தான்.

"உங்கட வாப்பாவின்ர இடுப்புக்குழி சரியான ஒடுக்கம்," என்று போன வாரம் டொக்டர் ஜனகன் சொல்லியிருந்தார். "என்ர கை போற இடத்துக்குக் கண் போகாது. அந்த மெசின் எண்டால் கட்டியை எடுத்திட்டுக் குடலைத் திரும்பப் பொருத்திப் பாக்கலாம். இஞ்ச செய்தால் மலம் போக வயித்தில நிரந்தரமாப் பைதான்."

"அப்ப மெசினை ஏன் இஞ்ச கொண்டுவரேல்ல?"

"என்னட்டக் கேட்டு என்ன பிள்ளை? நானும் அதைப் போனிலதான் பாக்கிறன்."

அதற்குமேல் அவரோடு கோபிக்க வழியில்லை. அதுவே அவளுக்குப் பெரிய கோபம். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எல்லாரும் கொண்டாடியவள், தன் ஆங்கிலத்தில் அந்த மெசின் உள்ள சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதிப் பதிலும் எடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுப்பம் வாப்பா. விசா வந்தால் சென்னையில செய்யலாம்."

"பொறுத்தது காணும் மகள். புத்தளம் அகதி முகாமில பொறுத்துப் பொறுத்தே தாடி நரைச்சிட்டுது."

சொந்த ஊரான முல்லைத்தீவுக்குத் திரும்பியபின் பள்ளிவாசலில் தொழுகையின் முன்வரிசையைத் தவறவிடாத மனிதர். இரத்தம் கசியத் தொடங்கியதும், தொழுமுன் கைகால் கழுவி எடுக்கும் வுழு முறிந்துவிடும் என்று போவதையே விட்டுவிட்டார். தொழுகை முடிந்து ஆட்கள் கலைவதை மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார்.

"பையோட பள்ளிக்குப் போவீங்களா?"

"மௌலவியிட்டக் கேட்டிட்டன். ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதுசா வுழு எடுத்தாச் சரியாம்."

அவளிடம் சொல்லாமலே முடிவெடுத்திருக்கிறார்.

பை வைக்கும் இடத்தை வயிற்றில் குறிக்க தாதி விமலேஸ்வரி மிஸ்ஸி பேனாவோடு வார்டுக்கு வந்தார். கலந்தரை இருத்தியும் நிறுத்தியும் பார்த்து ஒரு புள்ளி வைத்தார். இடுப்பில் சாரத்தை உடுத்தபோது அது முடிச்சுக்குள் போனது. அதை அழித்துவிட்டுச் சற்றுக் கீழே இன்னொன்று வைத்தார்.

"இது தொழேக்க சுஜூதில மடியுமோ மிஸ்ஸி?"

"எனக்கு அது தெரியாது ஐயா. செய்து காட்டுங்கோ, பாப்பம்."

நஃப்லா வார்ட் நிலத்தில் துவாயை விரித்தாள்.

"கிப்லாவுக்கு நேரா விரி மகள்."

"சும்மா காட்டத்தானே வாப்பா."

"எண்டாலும்."

அவள் துவாயை மக்கா இருக்கும் திசைக்குத் திருப்பிப் போட்டாள். கலந்தர் மெல்ல இறங்கி நெற்றியை நிலத்தில் வைத்தார். மிஸ்ஸி குந்தியிருந்து வயிற்றின் மடிப்பைப் பார்த்தார்.

"புள்ளி மடிப்புக்குள்ள போகுது. இன்னும் கொஞ்சம் மேல வைக்கிறன். காணும் ஐயா, எழும்புங்கோ."

கலந்தர் எழும்பவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மிஸ்ஸி நஃப்லாவைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

நஃப்லாவுக்கு அந்த மெசின்மேல் இருந்த ஆசை அப்போதும் அடங்கவில்லை.