ஹெய்செய் முப்பத்திரண்டு

தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். வாங்கிவந்த நான்கு தாளில் மூன்றைக் காலையிலிருந்து சிஹாரு வீணாக்கியிருந்தாள். ஒன்றில் எழுத்துப் பிசகு, இன்னொன்றில் மை தீற்றிவிட்டது, மூன்றாவதில் வரி கோணிவிட்டது. தன்விவரத்தைப் பேனாவால் எழுத வேண்டும். வெள்ளை மை பூசினால் அங்கேயே கதை முடிந்தது. வேலை தெரியுமா என்பதெல்லாம் ஜப்பானில், அதுவும் இந்த நீகாதா ஊரில், அப்புறம்தான். முதலில் ஒரு தாளைப் பிழையில்லாமல் எழுதும் பொறுமை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு நேர்காணல். பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பும் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். சிஹாருவுக்கு வயது முப்பத்தாறு. ஏற்கெனவே ஏழு இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் சுற்றுவட்டாரத்தில் சமையல்காரிக்கு வேறு இடமில்லை.

அந்த ஏழு பேரும் ஒரே இடத்தில்தான் விரலை வைத்தார்கள். மருத்துவமனைச் சமையலறையை விட்டது ஹெய்செய் 29இல், அதாவது அந்தப் பேரரசர் ஆட்சியின் இருபத்தொன்பதாம் ஆண்டில். ரொட்டிக் கடையில் சேர்ந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. நடுவில் என்ன செய்தீர்கள்? நடுவில் அவள் அக்கா வீட்டு மாடியறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தாள். வெளியே வரப் பயம். ஏன் பயம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"பெரியப்பா நூடுல்ஸ் கடையில வேலை பார்த்தேன்னு எழுது" என்றாள் அக்கா தோஷியே. "பெரியப்பாவும் இப்ப உயிரோட இல்ல, கடையும் மூடியாச்சு. யாருடி போய் விசாரிக்கப் போறா?"

"பொய்க்கா அது."

"ஏழு எடத்துல உண்மையச் சொல்லி என்னத்தக் கிழிச்ச?"

சிஹாரு மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். இருபத்தொன்பதும் மூன்றும் முப்பத்திரண்டு. 'ஹெய்செய் 32 மார்ச், கடை மூடியதால் விலகல்.' ஒரு பிசகும் இல்லை. அக்கா கைதட்டாத குறைதான்.

நேர்காணல் அறையில் முராகோஷி தனியாக உட்கார்ந்திருந்தார். கூடத்துக்குப் பொறுப்பாளர், ஐம்பது தாண்டியவர், சிரிக்காத முகம். அவர் விரல் தாளில் வரிவரியாக இறங்கியது. பள்ளி, சான்றிதழ், மருத்துவமனை. பிறகு நின்றது.

"ஹெய்செய் முப்பத்திரண்டா?"

சிஹாருவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படி ஓர் ஆண்டே கிடையாது. முப்பத்தொன்றிலேயே பேரரசர் பட்டம் துறந்தார். மறுநாளே புதுப் பேரரசரின் ரெய்வா ஒன்று பிறந்தது. கீழ்வரியில் 'ரெய்வா 2' என்று சரியாகத்தான் இருந்தது. அது ரொட்டிக் கடை தந்த வேலைக் கடிதத்தைப் பார்த்து எழுதியது. மேல்வரிக்குப் பார்த்து எழுத என்ன இருந்தது?

"புது ஆட்சியோட பேரை டிவியில தூக்கிக் காட்டினாங்களே, நாடே வேலையை விட்டுட்டுப் பார்த்துச்சு" என்றார் முராகோஷி. "உங்க கடையில டிவி இல்லையோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி விடுங்க, கணக்குல தவறியிருப்பீங்க. முத்திரை கொண்டு வந்திருக்கீங்களா? ரெண்டு கோடு போட்டு, ரெய்வா ரெண்டுன்னு எழுதி, பக்கத்துல முத்திரை வச்சிடுங்க. வேலையப் பத்திப் பேசலாம்." அடிகோலை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவ்வளவுதான். இரண்டு கோடு, ஒரு முத்திரை, பிறகு வேலை. சிஹாரு கைப்பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரையை எடுத்தாள். அதில் அவள் குடும்பப் பெயர் செதுக்கியிருந்தது. பொய்யை எழுதும்போது தயங்காத கை இப்போது தாளுக்கு மேலேயே நின்றது. எழுதியதை மறந்துவிடலாம், தன் பெயரை அதன்மேல் அழுத்துவதை எப்படி மறப்பது?

அடிகோலை வைத்தாள். ஆண்டின் மேல் மட்டுமல்ல, நூடுல்ஸ் கடை வரிகள் முழுக்க இரண்டிரண்டு கோடு இழுத்தாள். முத்திரையை அழுத்தினாள்.

"அந்தக் கடையில வேலை பார்த்ததே பொய் சார். மூணு வருஷம் நான் ரூமை விட்டு வெளிய வரல. பேரரசர் மாறினதுகூட எனக்குத் தெரியாது."

முராகோஷி சிவப்பு முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது இடமும் போயிற்று என்று அவள் எழப் பார்த்தாள்.

"உக்காருங்க. எங்கிட்ட ஆள் பத்தல. ஆனா காலையில ஆறரைக்கு இங்க நிக்கணும். ஒரு நாள் நீங்க வரலன்னாலும் ஆயிரம் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு தாமதமாகும். முடியுமா?"

"முடியும் சார்."

"மூணு மாசம் பார்க்குறேன். திங்கட்கிழமை வாங்க."

வாசலில் அக்கா காத்திருந்தாள். "கடையப் பத்திக் கேட்டாரா?"

"அதை அடிச்சுட்டேன். ரூம்ல கிடந்ததச் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி!" என்று தலையில் கை வைத்தாள் தோஷியே.

"திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாரு. ஆறரைக்கு."

கண் கலங்கியதை மறைக்க அக்கா வேறெங்கோ பார்த்தாள். அந்த மூன்று ஆண்டும் தினமும் காலையில் மாடியேறிக் கதவைத் தட்டியவள் அவள்தான்.

"அப்போ அஞ்சு மணிக்குத் தட்டவா?"

"வேணாம்க்கா. நானே எந்திரிச்சுக்குறேன்."